எந்த மருத்துவம் என் பிள்ளைக்கு?

சிறுநீரகக் கல் பெரியவர்களின் நோய் என்றே பலரும் எண்ணுகிறோம். சிறுவரையும் அது விடுவதில்லை. எங்கள் பங்கில் ஆறு வயதுச் சிறுவனின் சிறுநீரகத்தில் 12 மில்லிமீட்டர் கல் இருப்பதாக ஸ்கேன் காட்டியது. "கத்தி படாமல் குணமாகாதா, சாமி?" என்று தாயார் கலங்கினார். "ஒரே தடவையில் தீர வேண்டும்" என்றார் தகப்பனார். இருவர் கவலையும் நியாயமானதே.

மருத்துவர் விளக்கியதை நானும் உடனிருந்து கேட்டேன். மிகச் சிறிய கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். சற்றுப் பெரியதை, 1980ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக நோயாளிக்குக் கையாளப்பட்ட அதிர்வலை முறையால் வெளியிலிருந்தே நொறுக்கலாம். கீறல் இல்லை; ஆயினும் சிறுவர் அசையாதிருக்க மயக்க மருந்து வேண்டும்; மறுமுறையும் செய்ய நேரலாம். 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லை முதுகில் சிறு துளையிட்டு எடுப்பதே பெரும்பாலும் ஏற்றது. சிறுநீர்க்குழாயில் சிக்கியதை மெல்லிய கருவியை உட்செலுத்தி அகற்றுவர். ஆக, கல்லின் அளவும் இடமும் தன்மையுமே வழியைக் காட்ட வேண்டும். நம் அச்சமோ அவசரமோ அன்று.

இருமுறை ஆகக்கூடும் என்றறிந்தே பெற்றோர் அதிர்வலைக்கு இசைந்தனர். அவ்வாறே இருமுறை ஆயிற்று. முன்னரே அறிந்திருந்ததால் அவர்கள் மனம் தளரவில்லை.

பெற்றோரே, கல் நீங்கியதும் கடமை முடிந்துவிடாது. அது ஏன் வந்தது என்றும் கேளுங்கள். கல்லையும் சிறுநீரையும் சோதித்தால் காரணம் புலப்படலாம். இல்லையேல் மீண்டும் வரக்கூடும். தண்ணீர் நிறையக் கொடுங்கள், உப்பைக் குறையுங்கள், மருத்துவர் சொல்லாமல் பாலை நிறுத்தாதீர்கள். வலியோடு காய்ச்சலும் கண்டால், வாழைத்தண்டுச் சாற்றை நம்பி ஓர் இரவும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.