தேவனே சகாயம்

துன்ப வேளையில் இறைவனை நம்பியிருங்கள் என்று பிறருக்குச் சொல்வது எளிது. பூசை முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கையில் நானும் பலருக்கு அவ்வாறு ஆறுதல் கூறியிருக்கிறேன். அதே சொல் ஒரு நாள் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோதுதான் அதன் கனம் எனக்கு விளங்கிற்று.

கோட்டாற்றில் சிறியதொரு தையற்கடை வைத்துப் பிழைப்பவன் நான். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் வட்டிக்குப் பணம் வாங்கி, மின்சாரத்தில் ஓடும் புதுத் தையல் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். கோடைக்காலமே எங்கள் தொழிலுக்கு அறுவடைக் காலம். புதுநன்மைச் சட்டைகள், கல்யாணத் துணிகள், பள்ளிச் சீருடைகள் என்று இரவும் பகலும் வேலை இருக்கும். கடனை எளிதில் அடைத்துவிடலாம் என்று கணக்கிட்டிருந்தேன். ஆனால் மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. ஆலயக் கதவுகள் அடைபட்டன. ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்ப்புத் திருநாளும் மக்கள் கூட்டமின்றிக் கழிந்தது. என் கடையிலோ தைத்து முடித்த பதினொரு வெள்ளைச் சட்டைகள் வாங்குவாரின்றித் தொங்கிக்கொண்டிருந்தன.

முதல் மாதம் சேமிப்புக் கரைந்தது. இரண்டாம் மாதம் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அந்நாட்களில் எங்கள் வீட்டில் மாலைதோறும் செபமாலை நடக்கும். நானும் முழந்தாளிட்டிருப்பேன், உதடுகள் அசையும், உள்ளமோ வட்டிக் கணக்கையே எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு நாள், "எனக்குத் தலைவலி, நீங்கள் சொல்லுங்கள்" என்று எழுந்து போய்விட்டேன். மறுநாளும் அப்படியே. தலைவலி வெறும் சாக்கு என்பதை மனைவி அறிவாள். ஆயினும் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சூன் மாதத்தில் கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்திருந்த ஒரு நாள், கடற்கரை ஊரைச் சேர்ந்த மீனவர் ஒருவர் கடைக்கு வந்தார். தம் மகளின் புதுநன்மைச் சட்டைக்கு அளவு கொடுத்துச் சென்றவர் அவர். கையில் ஓலைப்பெட்டி நிறையச் சாளை மீன்.

"சட்டையைத் தாருங்கள் அண்ணாச்சி" என்றார்.

"புதுநன்மை என்றைக்கு என்றே தெரியவில்லையே! இப்போது எதற்கு?"

"என்றைக்கு நடந்தாலும் நடக்கட்டும். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டால் ஓரத்தைப் பிரித்து இறக்கிக் கொடுங்கள்."

பேசிய கூலி முழுவதையும் எண்ணி வைத்தார். மீனையும் என் பக்கம் நகர்த்தினார். 2017 நவம்பர் 30-ஆம் நாள், மீனவரான புனித அந்திரேயாவின் திருநாளன்று, எங்கள் மாவட்டக் கடலோரத்தைச் சூறையாடிய ஒக்கிப் புயலில் அவருடைய தம்பி கடலோடு போனவர், உடலும் கிடைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், மனக்கசப்பில், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்: "உங்களுக்குக் கடவுள் உதவினாரா?"

அவர் சினங்கொள்ளவில்லை. சிறிது நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பியைத் தா என்று கேட்டேன், தரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்நாட்களில் ஒரு இரவுகூட எங்கள் வீட்டில் யாரும் தனியாக இருந்ததில்லை, அண்ணாச்சி. யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை அனுப்பியவர் யார்?" என்றார்.

அவர் போன பிறகு, எங்கள் சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் வேதசாட்சி தேவசகாயம் பிள்ளையின் வரலாறு நினைவுக்கு வந்தது. சிறுவயது முதல் கேட்ட வரலாறுதான். ஆயினும் அன்றுதான் அதன் உட்பொருளைக் கண்டேன். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்தார். அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொல்லித் தேற்றியவர் தெலனாய் என்னும் ஒல்லாந்துப் படைத்தலைவர். அவர் யார்? 1741-இல் குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் மன்னரிடம் சிறைப்பட்டவர்; சொந்த நாட்டை இழந்தவர். அடிபட்ட ஒருவரைக் கொண்டே அடிபட்ட இன்னொருவரைத் தேற்றினார் ஆண்டவர்.

1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்பதன் பொருளைத் தமிழில் தரும் 'தேவசகாயம்' என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. அந்தப் பெயர் அவரைச் சிறையினின்று காக்கவில்லை. 1749-இல் கைது செய்யப்பட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டு உயிர் நீத்தார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. தேவன் சகாயம் செய்தாரா என்றால், செய்தார். துன்பத்தை நீக்கி அன்று; துன்பத்தினூடே அவரைக் கைவிடாதிருந்து.

அன்று மாலை நான் மீண்டும் முழந்தாளிட்டேன். கடன் நீங்க வேண்டும் என்று மன்றாடினேன்; மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால், "நீங்காவிடினும் நீர் என்னை விட்டு நீங்காதேயும்" என்று முதன்முறையாகச் சேர்த்துச் சொன்னேன்.

கடனை அடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. மனைவியின் சங்கிலி ஏலத்தில் போய்விட்டது, திரும்பவில்லை. அவள் கழுத்தில் இப்போது கறுப்பு நூலில் கோத்த சிறு சிலுவை இருக்கிறது. மீனவரின் மகளுக்குப் புதுநன்மை நாள் வந்தபோது, சொன்னபடியே சட்டையின் ஓரத்தைப் பிரித்து இரண்டு விரற்கடை இறக்கிக் கொடுத்தேன்.

அன்பு வாசகர்களே, யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவர் அருகில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். வாய் திறந்த பின்னரே அவருக்குப் பாரமானார்கள். உங்கள் தெருவில் துயருற்ற வீடு ஒன்று இருக்குமானால், அறிவுரையோடு போகாதீர்கள், போய் உட்காருங்கள். நீங்களே துயரத்தில் இருப்பீர்களானால், கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். ஆண்டவர் அனுப்பும் சகாயம் கையில் ஓர் ஓலைப்பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருக்கலாம்.