விரதத் தட்டில் பருப்பு எங்கே?

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் சரி, ஆனா தட்டுல என்ன இருக்கு? சோறு, ரசம், அப்பளம். போன வருஷம் எங்க ஃபேக்டரி நைட் ஷிஃப்ட்ல ஒரு தம்பி மிஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். விரதத்தைக் குறை சொல்லாதீங்க. வெறும் சோத்துல எத்தனை நாள் நிப்பார்?

அலோர் ஸ்டார் சந்தையில தெம்பே மலிவு. 100 கிராம்ல ஏறக்குறைய 19 கிராம் புரதம் (பாசிப்பயறும் நல்லதுதான், ஊறப் போடத்தான் மறந்துடுவோம்). கீரையில எலுமிச்சை பிழிஞ்சா இரும்புச்சத்து உடம்புல நல்லா சேரும். சாப்பிட்ட கையோட தே தாரிக் குடிச்சா அது சரியா சேராது, ஒரு மணி நேரம் பொறுங்க. பி12 செடிகொடியில கிடையாது. பால், தயிர்ல உண்டு. பாலும் தொடாம வருஷம் முழுக்க சைவமா இருக்கிறவங்க டாக்டரைப் பாருங்க.

வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குத் தெம்பே பிரட்டல், முருங்கைக்கீரைக் கூட்டு. கீரை ஆய ஆள் வேணும், காலை 8 மணிக்கு வந்துடுங்க.