லினக்ஸும் என் ஸ்கேனரும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. என் கம்ப்யூட்டர் 2016-இல் வாங்கியது. விண்டோஸ் 11 அதை ஏற்றுக்கொள்ளாது. நன்றாக ஓடுகிற மிஷினைக் காயலான் கடைக்குப் போட மனம் வருமா? பேரன் வந்து லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். காலணா செலவில்லை.

தமிழில் எழுதுவது, மெயில், பேங்க் வேலை, யூட்யூப் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. இரண்டு இடத்தில்தான் முட்டியது. ஒன்று ஸ்கேனர். மற்றொன்று, எங்கள் குடியிருப்போர் சங்கக் கணக்கை நான் எழுதிவரும் மென்பொருள். இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை. ஸ்கேனர் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "லினக்ஸுக்கு டிரைவர் கிடையாது சார், விண்டோஸ் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க" என்றார் அந்தப் பெண்.

"தாத்தா, லினக்ஸ்ல இருக்கறவங்க கொஞ்சம் பேருதான். அவங்க எதுக்கு மெனக்கெடணும்?" என்றான் பேரன்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லினக்ஸ் ஒரே பொருள் இல்லை. உபுண்டு, ஃபெடோரா, டெபியன், நம் சி-டாக் உருவாக்கிய பாஸ் என்று பல வகை. அத்தனையிலும் சோதித்து, போன் வந்தால் பதில் சொல்ல ஆளும் வைக்க வேண்டும். கூட்டம் வருகிற தெருவில்தானே யாரும் கடை போடுவார்கள்?

ஆனால் மென்பொருள் இல்லாததால் ஆள் வருவதில்லை. ஆள் வராததால் மென்பொருள் வருவதில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

லாபம் தெரிந்தால் தானாக வருகிறார்கள் என்பதையும் பார்க்கிறோம். மைக்ரோசாஃப்ட் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர் 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அதே நிறுவனம் 2017-இல் தன் எஸ்க்யூஎல் சர்வரை லினக்ஸில் ஓடும்படி வெளியிட்டது. பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் லினக்ஸுக்குப் போய்விட்டன, அதுதான் காரணம். நம் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். அதற்கு மட்டும் ஆளுக்கொரு ஆப் தருகிறார்கள்.

இன்னொரு பக்கம், மூல நிரலைக் காட்டாத மென்பொருளை ஒதுக்கவேண்டும் என்கிற கொள்கைக்காரர்கள். 1983-இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அவர்களுக்கு முன்னோடி. எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு வந்த பிரிண்டரின் மூல நிரல் கிடைக்காத கோபமும் அவரை அந்த வழிக்குத் திருப்பியது. அவர் கொள்கையை மதிக்கிறேன். ஆனால் மாதம் 5-ஆம் தேதிக்குள் கணக்கை முடித்தாக வேண்டியவனுக்கு வேலை நடக்க வேண்டுமே.

எல்லா நிறுவனமும் லினக்ஸுக்குத் தனியாகச் செய்து தரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்பது இரண்டுதான்.

கருவி விற்பவர்களே, டிரைவர் எழுத மனமில்லை என்றால், அந்தக் கருவியோடு கம்ப்யூட்டர் எப்படிப் பேசவேண்டும் என்ற விவரத்தையாவது வெளியிடுங்கள். எழுதுவதற்குத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் என்விடியாவை மேடையிலேயே திட்டினார். 2022-இல் அந்த நிறுவனம் தன் டிரைவரின் ஒரு பகுதிக்கு மூல நிரலை வெளியிட்டது. மனம் இருந்தால் முடியும்.

மென்பொருள் விற்பவர்களே, நிரல் உங்களுடையதாக இருக்கட்டும். ஆனால் கணக்கு எங்களுடையது. ஏழு வருஷ வரவு செலவை வேறு மென்பொருளும் படிக்கும் வடிவத்தில் முழுதாக எடுத்துக்கொள்ள வழி செய்யுங்கள். பூட்டை விற்றுவிட்டுச் சாவியை வைத்துக்கொள்வது வியாபாரம் ஆகாது.

இதையே இரண்டு நிறுவனங்களுக்கும் மெயிலில் எழுதினேன். இன்னும் பதில் இல்லை, மறுபடியும் எழுதுவேன். லினக்ஸுக்கு மாறிய பென்ஷன்காரர்கள் நீங்களும் எழுதுங்கள். கொஞ்சம் பேர்தான் என்கிறார்களே, எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கட்டும்.