ஒரு பொட்டி, ஒரு மைக்கு

பொட்டி தட்டிப் பொழைக்கிற நம்மகிட்ட, கிராமத்துல கம்ப்யூட்டர் வச்சு என்ன பண்ணலாம்னு கேட்டா ஆளுக்கொரு சாஃப்ட்வேர் சொல்லுவோம் :-) புதுச்சேரி பக்கம் 1998ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்ச கிராம அறிவு மையங்கள்ல எனக்குப் பிடிச்சதே அந்த மைக்குதான்.

இடம் ஊர்க்காரங்க குடுக்கணும், எல்லா சாதிக்காரங்களும் உள்ள வந்து போகணும். இதுதான் கண்டிஷன். நடத்துனது உள்ளூர் தன்னார்வலர்கள், நிறைய பேர் பெண்கள். எம்பலத்துல கோயில் இடத்துலயே மையம். நெல் விலை, அரசாங்கத் திட்டம், பரீட்சை ரிசல்ட்டுன்னு தினப்படி வேலை. வீராம்பட்டினத்துல, அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துலேர்ந்து அலை உயரம் எவ்வளவு இருக்கும்னு எடுத்து, தமிழ்ல ஒலிபெருக்கியில சொல்லுவாங்க. கடலுக்குப் போறவங்க அதைக் கேட்டுட்டுக் கிளம்புவாங்க.

தினமும் இதே வேலைன்னா யாருக்கும் அலுத்துப்போகும். ஆனா 2004 டிசம்பர் 26 அன்னிக்கு நல்லவாடுல நடந்ததைக் கேளுங்க. சிங்கப்பூர்ல இருந்த ஊர்க்காரர் ஒருத்தர் சுனாமி செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் பண்ணார். உடனே மையத்துக் கதவை உடைச்சு, ஒலிபெருக்கியில எல்லாரையும் ஓடச் சொன்னாங்க. வீடும் படகும் போச்சு. ஊர்சனம் பொழைச்சுது.

யாரோ மைக்ல கத்துறாங்கன்னு யாரும் சும்மா இருந்துடலை பாருங்க. அந்த ஒலிபெருக்கியில வர்றது நிஜமா இருக்கும்னு ஊருக்கே ஒரு நம்பிக்கை. அலுப்பு பாக்காம தினம் வந்து உட்கார்ந்தவங்க சம்பாதிச்சுக் குடுத்தது அது. நாம எழுதுற எந்த சாஃப்ட்வேரை ஜனங்க இப்படி நம்பி ஓடுவாங்க, சொல்லுங்க?