வழக்குப் போடவும் அனுமதி வேண்டுமாம்

ஊரில் வேலி வழக்குக்குப் பெயர்போன குடும்பங்கள் இருந்தன. பூவரசங்கதியால் அரை அடி தள்ளி நட்டதற்குத் தகப்பன் தொடங்கிய வழக்கை மகன் நடத்தி, கடைசியில் காணியே பிரக்கிராசிமாருக்குப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கிலாந்துக்கு வந்தும் அந்தக் குணம் விடவில்லையோ என்று எங்களோடு வேலை செய்யும் ஒரு அண்ணரைப் பார்த்து யோசித்தோம்.

அவர் வீடு மாறியபோது வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அண்ணர் வழக்குப் போட்டார். கையில் கொடுத்த காசுக்கு ரசீது இல்லை; தோற்றார். பிறகு அதே காசுக்கு வீட்டு முகவர் மேல் ஒரு வழக்கு, திருத்தவேலை செய்தவர் மேல் ஒன்று, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மேலும் ஒன்று. சம்பளம் குறைந்தவருக்குக் கோட்டுக் கட்டணத்தில் சலுகை உண்டு. சிறு தொகை வழக்கில் தோற்றாலும் மற்றவரின் சட்டத்தரணிச் செலவைப் பெரும்பாலும் கட்ட வேண்டியதில்லை. ஆகவே அவரை நிறுத்த எதுவும் இருக்கவில்லை.

ஒருநாள் 'சிவில் ரெஸ்ட்ரெயின்ட் ஓர்டர்' என்று ஒரு கடிதம் வந்தது. இரவு வேலை முடிந்து வந்து, ஐந்து பேர் அகராதியோடு இருந்து வாசித்தோம். "தம்பியவை, என்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போடப் போறாங்களோ?" என்று அண்ணர் கேட்டார். எங்களுக்கும் பயம்தான்.

இலவச சட்ட உதவி நிலையத்தில் விளக்கினார்கள். இது தண்டனை அல்ல. முற்றிலும் வலுவற்ற வழக்குகளைத் திரும்பத் திரும்பப் போடுபவர், அந்த விஷயத்தில் இனி நீதிபதியின் அனுமதி பெற்றுத்தான் புது வழக்குப் போடலாம். அனுமதியில்லாமல் போட்டால் அது தானாகவே தள்ளுபடியாகும். யாராவது அவர்மேல் வழக்குப் போட்டால் எதிர்வாதம் செய்யத் தடையில்லை. இதைவிடக் கடுமையானது சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்தில் கேட்டு வாங்கும் கட்டளை; அதற்குக் காலவரையறை இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பெயர்களை அரசாங்கம் பட்டியலாக வெளியிடுகிறது.

இந்தச் சட்டம் 1896 இல் வந்தது. அதில் முதல் அகப்பட்டவர் எங்களைப்போல ஏழை அகதி அல்ல, அலெக்சாண்டர் சாஃபர்ஸ் என்ற சட்டத்தரணி! வேல்ஸ் இளவரசர், கன்டர்பரிப் பேராயர் என்று பெரிய மனிதர்மேல் 48 வழக்குப் போட்டவர். சென்னை மாகாணத்திலும் 1949 இல் இப்படி ஒரு சட்டம் வந்தது.

தேவையில்லாமல் கோட்டுக்கு இழுபடுகிறவர் பாவம்தான். அந்தத் திருத்தவேலைக்காரர் எத்தனை நாள் கூலியை இழந்திருப்பார்? ஆனாலும் எங்களுக்கு ஒரு மனக்குறை. ஆங்கிலம் தெரியாதவன் தன் நியாயத்தைச் சொல்லத் தெரியாமல் தோற்றால் அதுவும் வலுவற்ற வழக்கா? இதைக் கேட்டபோது நிலையத்தில் இருந்த பெண் சொன்னார்: முதல் தீர்ப்புப் பிழையென்றால், நீதிபதி வேறு தவணை கொடுக்காவிட்டால் 21 நாளுக்குள் மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்க வேண்டும், புது வழக்குப் போடக்கூடாது. அண்ணருக்கு அந்த 21 நாள் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

போன மாதம் அண்ணரின் சம்பளத்தில் காரணமில்லாமல் காசு பிடித்துவிட்டார்கள். தொழில் நியாயசபைக்குப் போகலாமா என்று பயந்து பயந்து கேட்டார். அவருக்கு வந்த கட்டளை அந்த வீட்டுக் காசு விஷயத்துக்கு மட்டும், இதைத் தடுக்காது என்றார்கள். இந்தமுறை சம்பளத் துண்டுகள் எல்லாம் அவரிடம் இருக்கின்றன.