சவுரியும் 185 டிகிரியும்

அயர்னை முடியில் வைப்பதற்கு முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரை அதன் இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவில் கவ்வவிட்டு ஐந்து வரை எண்ணுவேன். பேப்பர் வெள்ளையாகவே வந்தால் வேலையைத் தொடங்கலாம். பழுப்பேறி வந்தால் சூட்டைக் குறைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓர் ஓரம் வெள்ளை, இன்னோர் ஓரம் பழுப்பு என்று வந்தால் அந்த அயர்னை அன்றைக்குத் தொடவே கூடாது. சூடு அதிகமாக இருந்தால்கூடக் கையை வேகமாக இழுத்துச் சமாளித்துவிடலாம். ஒரே பிளேட்டில் இரண்டு சூடு இருந்தால் எப்படிப்பட்ட கைக்கும் அது அடங்காது.

இந்தச் சோதனை நான் கண்டுபிடித்தது இல்லை. 1872 வாக்கில் பாரிசில் மார்செல் கிராத்தோ என்ற சிகை அலங்காரக்காரர், இடுக்கியை நெருப்பில் காய்ச்சி முடியில் அலை போடும் முறையைக் கொண்டுவந்தார். டயலும் டிஸ்ப்ளேயும் இல்லாத அந்த இடுக்கியின் சூட்டைக் காகிதத்தில் வைத்துத்தான் பார்த்தார்கள். நூற்றைம்பது வருஷம் கழித்து, மதுரையில் என் பார்லரில், சூடானதும் தானே சத்தம் கொடுக்கும் அயர்னுக்கும் அதே காகிதத்தைத்தான் வைக்கிறேன். அந்தச் சத்தத்தை மட்டும் நம்பி வேலை செய்ய எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

2013 வைகாசியில் ஒரு ரிசப்ஷன். பெண்ணுக்கு இடுப்பைத் தாண்டி இறங்கும் முடி. மத்தியானம் தலைக்குக் குளித்திருந்தாள். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது. என் கையில் இருந்தது ஆயிரத்துச் சொச்ச ரூபாய் ஸ்ட்ரெய்ட்னர். டயலை 200இல் வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கீழே வந்துவிட்டார்கள் என்று கதவை இரண்டு தடவை தட்டிவிட்டார்கள். வலது காதுக்கு முன்னால் விழும் கற்றையை எடுத்து இழுத்தேன். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ‘சுர்’ என்று ஒரு சத்தம். உடனே கருகல் வாடை. கையை எடுத்தபோது நாலு அங்குல முடி அயர்னோடு வந்துவிட்டது.

அவள் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்குப் பேச வாய் வரவில்லை. “பரவாயில்லக்கா, பூ வச்சு மறைச்சிருங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க” என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும். அடுத்த வருஷம் வளைகாப்புக்கு அலங்காரம் செய்ய அவளே என்னைக் கூப்பிட்டாள். வீட்டுக்குள் போனதும் நான் முதலில் பார்த்தது அவளுடைய வலது காது ஓரத்தைத்தான். இழந்தது திரும்ப வளர்ந்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அந்தத் தப்பில் பாதி என்னுடையது. அடர்த்தியான முடி வெளியே காய்ந்தாலும் உள்ளே, முக்கியமாகப் பிடரியில், ஈரம் தங்கியிருக்கும். அந்த ஈரத்தோடு சூடான பிளேட்டுக்குள் போனால், இழைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே குமிழ் குமிழாக உப்பும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் முடி கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். பிறகு தொட்டாலே ஒடியும். இப்போது என்னிடம் வேலை கற்கும் பெண்களுக்கு முதல் பாடமே பிடரிதான். முடிக்குள் விரலை விட்டுத் தலைத்தோலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. எங்கள் அம்மா எண்ணெய்க் குளியல் முடிந்ததும் தணலில் சாம்பிராணி போட்டு, மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் முடியைப் பரத்திவிடுவாள். வேர் வரைக்கும் காயாமல் எழுந்திருக்க விடமாட்டாள். அவள் சொன்ன காரணம் சளி. காரணம் எதுவானாலும் பழக்கம் சரி.

மீதிப் பாதி கருவியின் தப்பு. டயலில் 200 என்று எழுதியிருந்தது. பிளேட்டின் நடுவில் எவ்வளவு இருந்தது என்று அந்த டயலுக்கே தெரியாது.

முடிக்குள் இருக்கும் கெரட்டின் புரதத்தை இரண்டு விதமான பிணைப்புகள் முக்கியமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. கந்தகப் பிணைப்பு பலமானது. பெர்மனென்ட் ஸ்ட்ரெய்ட்னிங் மாதிரி ரசாயனம் போட்டால்தான் அது அவிழும். ஹைட்ரஜன் பிணைப்பு மெலிசு. தண்ணீர் பட்டாலும் அவிழும், சூடு பட்டாலும் அவிழும். காய்ந்து ஆறும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். அயர்ன், கர்லர், ட்ரையர் எல்லாம் செய்கிற வேலை இந்த மெலிசான கட்டை அவிழ்த்துக் கட்டுவதுதான். அதற்குத் தேவையான சூடு ஓர் அளவுதான். 200ஐத் தாண்டிப் போகப் போக அந்தப் புரதமே கெட ஆரம்பிக்கும். அப்படிக் கெட்டதை எந்த சீரமும் எந்த ஸ்பாவும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. பாதித்த இடத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

2016இல் சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது லண்டனில் இருக்கும் என் சித்தி மகளிடம் சொல்லி ஒரு ஜிஎச்டி ஸ்ட்ரெய்ட்னர் வாங்கினேன். இங்கிலாந்தில் 2001இல் தொடங்கிய கம்பெனி. எனக்கு ஆன செலவு பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம். அதில் டயலே கிடையாது. ஒரே சூடு, 185 டிகிரி. வந்த அன்றைக்கே காகிதத்தை வைத்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஒரே வெள்ளை.

விலைக்கு என்ன கிடைக்கிறது என்பது முதல் கற்றையிலேயே புரிந்தது. மலிவான அயர்னை வேரில் வைக்கும்போது நல்ல சூடு இருக்கும். முடி அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே வர, நுனிக்கு வருவதற்குள் பிளேட் ஆறிவிடும். நுனி நேராகாது. திரும்ப வேரிலிருந்து இழுப்போம். இப்படி நாலு இழுப்பு இழுத்தால் நுனிக்குக் கிடைப்பது கால்வாசி சூடு. வேர்ப்பக்க முடி நாலு தடவை வெந்திருக்கும். நல்ல கருவி, இழக்கிற சூட்டை அந்த நொடியிலேயே திரும்பக் கொடுத்துவிடுகிறது. ஒரே இழுப்பில் வேரும் நுனியும் ஒரே மாதிரி வந்துவிடும். அதிக விலைக்கு அதிக சூடு கிடைக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். நிஜத்தில் கிடைப்பது குறைந்த சூடு. அது நிலையாக நிற்பதற்குத்தான் அத்தனை விலை. பிளேட்டின் மேலே டூர்மலைன், அயனி, கெரட்டின் பூச்சு என்று பெட்டியில் எழுதியிருப்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. பூச்சு பெயர்ந்து அடியில் இருக்கும் உலோகம் முடியைப் பிடித்து இழுக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

இடுப்பு வரைக்கும் இருக்கும் முடியின் நுனி ஐந்தாறு வருஷம் பழையது. மணப்பெண் பள்ளிக்கூடத்தில் படித்தபோது தலைத்தோலிலிருந்து வந்த முடி அது. அத்தனை வருஷ வெயிலும் சீப்பும் பட்ட நுனியில் நாலு இழுப்பை ஒன்றாகக் குறைக்க முடிகிறது என்றால், அந்த விலை எனக்கு நியாயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் விலை அதிகம் என்பதற்காக ஒரு கருவி எல்லா வேலைக்கும் பொருந்திவிடாது. டைசன் 2018இல் கொண்டுவந்த ஏர்ராப் மாதிரியான கருவிகள் இப்போது வாடிக்கையாளர்கள் கையிலேயே இருக்கின்றன. வளைந்த பரப்பை ஒட்டியே ஓடும் காற்றின் குணத்தை வைத்து, முடியைத் தானாக உருளையில் சுற்றிக்கொள்ளும் கருவி அது. ருமேனிய இன்ஜினியர் ஆன்ரி கோவாண்டாவின் பெயரால் அந்தக் குணத்தைச் சொல்கிறார்கள். சூடு 150 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறது. நம்மூரில் விலை நாற்பதாயிரத்துக்கு மேல். வாரத்தில் நாலு நாள் தலைக்குக் குளித்து ஆபீசுக்குப் போகிற பெண்ணுக்கு அது முடிக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. மணப்பெண்ணின் தலை வேறு. குறைந்த சூட்டில் போட்ட சுருள் மெல்லிய முடியில் நிற்கும். நம் பெண்களின் கனமான, எண்ணெய் ஊறிப் பழகிய முடியில் தன் பாரத்தாலேயே தளர்ந்துவிடும். முகூர்த்தத்துக்கு வேண்டியது ஆறு மணி நேரம். ஹோமப் புகை, வீடியோ லைட், மாலையின் ஈரம், வியர்வை எல்லாவற்றையும் தாண்டி நிற்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் கர்லிங் டாங்தான். சுற்றிய சுருளைச் சூட்டோடு உருவி, உள்ளங்கையில் அப்படியே ஏந்தி, தலையோடு கிளிப் போட்டுவிட்டு, முழுசாக ஆறும்வரை தொடாமல் விடுவேன். அவசரத்தில் சூடாகவே அவிழ்த்துவிட்டால் நாற்பதாயிரம் ரூபாய் கருவியாக இருந்தாலும் சுருள் சாப்பாட்டுப் பந்திக்குள் போய்விடும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் கல்யாணம் என்றால் சுருளே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். காற்றில் இருக்கிற ஈரமே அந்த மெலிசான பிணைப்பை அவிழ்த்துவிடும்.

கரன்ட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மண்டபத்து அலங்கார அறையில் பெரும்பாலும் இரண்டு பாயின்ட் இருக்கும். அதில் ஒன்று வேலை செய்யும். ஸ்ட்ரெய்ட்னருக்குக் கரன்ட் கொஞ்சம் போதும். 1600 வாட் ட்ரையர் 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கும். சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இளகி வாடை வருவதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். லண்டனிலிருந்து வந்த அயர்னுக்குப் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அங்கேயும் 230 வோல்ட்தான். அமெரிக்காவில் அது 120. நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு மணப்பெண்ணின் அக்கா, தன் கருவியை நான் பார்ப்பதற்குள் நம் பாயின்ட்டில் செருகிவிட்டாள். வோல்ட் இரண்டு மடங்கு என்றால் சூட்டு வேகம் நாலு மடங்கு. ‘டப்’பென்று ஒரு சத்தத்தோடு முடிந்தது. தலையில் வைப்பதற்கு முன்னாலேயே போனது அவள் அதிர்ஷ்டம். கருவியின் அடியில் 100–240 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்க்காமல் செருகக் கூடாது.

விலையுயர்ந்த கருவியில் எனக்கு இருக்கிற பெரிய மனத்தாங்கல் ரிப்பேர்தான். என் பழைய கர்லிங் டாங்கின் ஒயர் இரண்டு தடவை போயிருக்கிறது. தெருமுனை எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். விலை கொடுத்து வாங்கிய ஒரு ட்ரையர் தை மாதத்து முகூர்த்தங்களுக்கு நடுவில் நின்றுவிட்டது. அதைத் திறக்கவே தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சென்னைக்கு அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து, பார்லரில் உபயோகித்ததால் வாரண்டி கிடையாது என்று பதில் வந்தது. வாரண்டி அட்டையின் பின்பக்கம் அது பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது. வீட்டு உபயோகத்துக்கான கருவிகள் பெரும்பாலானவற்றில் அப்படித்தான் இருக்கும். நம் தொழிலில் இருக்கும் தங்கைகள் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும். கடன் வாங்கிக் கருவி வாங்குகிற பெண்களை எனக்குத் தெரியும். முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

“அக்கா, நான் எதை வாங்கட்டும்?” என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, வாரத்துக்கு எத்தனை நாள் என்றுதான். மாதம் ஒரு விசேஷத்துக்குத்தான் என்றால், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள மூவாயிரம் ரூபாய் அயர்ன் ஒன்று, ஹீட் புரொடக்டன்ட் ஒன்று, நல்ல பொறுமை. தினமும் என்றால், வேறு செலவைக் குறைத்துக்கொண்டாவது நல்லதை வாங்கு என்பேன். ஒரே முடியில் தினமும் படும் சூடு அது.

போன ஆவணியில் ஒரு பெண்ணின் அம்மா, ட்ரையல் அன்றைக்கு ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே சவுரி. “எங்கம்மாவோட முடிம்மா. உதிர்ற முடியெல்லாம் சேத்து வச்சு, சவுரி கட்டுறவங்ககிட்டக் குடுத்துக் கட்டுனது. என் கல்யாணத்துக்கும் இதான் வச்சாங்க.” பேத்தியின் ஜடைக்கும் அதையே வைக்க வேண்டும். பேத்தியின் முடி நேரானது. சவுரியில் பாட்டியின் அலை அப்படியே இருந்தது. பின்னும்போது இரண்டும் சேராது.

சவுரி என்று எது வந்தாலும் ஒரே ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டிப் பார்ப்பேன். நைலான் என்றால் சுருண்டு கெட்டியான மணியாகும். அதில் அயர்னை வைத்தால் மொத்தமும் உருகிப் பிளேட்டில் ஒட்டிவிடும். அவர் சொன்னதில் சந்தேகம் இல்லாவிட்டாலும் இதையும் பார்த்தேன். பொசுங்கி, விரலில் தேய்த்ததும் சாம்பலாக உதிர்ந்தது. முடிதான்.

என் உதவிப் பெண் ஸ்ட்ரெய்ட்னரை எடுத்துச் சொருகப் போனாள். வேண்டாம் என்றேன். நாற்பது வருஷத்துக்கு மேல் காய்ந்து கிடந்த முடி. 185 டிகிரிக்குக் கீழே இறங்கத் தெரியாத கருவி. தலையில் இருக்கும் முடி கருகினால் வளைகாப்புக்குள் வளர்ந்துவிடும். இது இனி ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. சவுரியை அம்மாவின் கையாலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் நனைக்கச் சொன்னேன். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்தேன். தலைப்பை ஜன்னல் கம்பியில் கட்டி, நுனியைத் துணியில் சுற்றி, அதில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, ஃபேனை மெதுவாக வைத்துவிட்டு இரவு கடையை மூடினேன்.

காலையில் பூட்டை எடுத்துவிட்டு விரலை விட்டுப் பார்த்தேன். எங்கேயும் ஜில்லென்று இல்லை. அலை இறங்கியிருந்தது. ஈரம் படாமல் மறுபடி துணிப்பையில் வைத்துக் கட்டினேன். முகூர்த்தத்தன்று விடிகாலை நாலரை மணிக்குப் பேத்தியின் முடியோடு அதை மூன்று காலாகச் சேர்த்துப் பின்னி, ஜடைநாகத்தை வைத்துத் தைத்து, நுனியில் குஞ்சலம் கட்டினேன்.