பினாங்கு மீன் எது?

ஜார்ஜ்டவுனில் நான் வழக்கமாகப் போகும் மீன் கடையில், ஒரு நீலத் தொட்டியின் மேல் ‘பினாங்கு பேட்டா’ என்று மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில், உடம்புக்கு மீறிய தலையோடு சில மீன்கள் இலைச் சருகுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தன. செடி வைத்த இரண்டடித் தொட்டி ஒன்றை அமைத்து, சின்ன மீன்கள் சில வகையைச் சேர்த்துவிட்டு, அவை அங்கேயே குஞ்சு பொரிக்கும்படி வளர்க்க வேண்டும் என்று அப்போது திட்டம் போட்டிருந்தேன். அதில் ஒன்றாவது நம் ஊர் மீனாக இருக்கட்டுமே என்று ஆசை. “இது சண்டை மீன்தானே, நுரைக்கூடு கட்டுமா?” என்று மலாயில் கேட்டேன். கடைக்காரர் தன் வாயைத் திறந்து விரலால் காட்டினார். கூடெல்லாம் கட்டாதாம். முட்டை முழுக்க அப்பன் வாய்க்குள்தானாம்.

சண்டை மீன் என்றால் ஆண் மீன் தண்ணீரின் மேல் எச்சில் நுரையால் கூடு கட்டி, முட்டைகளை அதில் ஒட்டிக் காவல் காக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அப்படியானால் எங்கள் தீவின் பெயரைத் தாங்கிய மீன் மட்டும் ஏன் வேறு ஜாதியாக இருக்கிறது? தொட்டியில் தண்ணீர் நிரப்புவதைத் தள்ளிப்போட்டுவிட்டு அதைத் தேடப் போனேன்.

அந்த மீனின் அறிவியல் பெயர் பேட்டா பக்நாக்ஸ். முதலில் விவரித்து எழுதியவர் தியோடோர் கேன்டர், எழுதிய ஆண்டு 1849, மீன் கிடைத்த இடம் பினாங்கு. கேன்டர் 1809-இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்திய நத்தானியேல் வாலிக் அவருக்குத் தாய்மாமன். மாமன் இருந்த ஊருக்கே வந்து கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகச் சேர்ந்தார். ராஜநாகத்துக்கு 1836-இல் அறிவியல் பெயர் வைத்தவரும் இவர்தான். 1840-இல் அபினிப் போருக்குப் போன ஆங்கிலேயப் படையோடு சீனத்தின் சூசான் தீவுக்குப் போனார். பிறகு பினாங்கு. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம் அது. மருத்துவ வேலைக்கு நடுவே மனிதர் மலாய்த் தீபகற்பத்தின் பாலூட்டிகளுக்கு 1846-இல் ஒரு பட்டியல், ஊர்வனவற்றுக்கு 1847-இல் ஒரு பட்டியல், மீன்களுக்கு 1849-இல் ஒரு பட்டியல் என்று எழுதித் தள்ளியிருக்கிறார். மூன்றுமே வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் வந்தவை. இப்போது இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

சிக்கல் அந்த மூன்றாவது பட்டியலில் இருக்கிறது. பினாங்கு மீனுக்கு அவர் ‘மாக்ரோபோடஸ் பக்நாக்ஸ்’ என்று பெயர் கொடுத்தார். பக்நாக்ஸ் என்றால் சண்டைக்காரன். அதோடு விடாமல், சயாம் தேசத்தில் பந்தயத்துக்கு வளர்க்கும் சண்டை மீனையும் இதன் ஒரு ரகம் என்று இதற்குக் கீழேயே சேர்த்தார். சயாமியரின் மீன் சண்டைப் பித்தைப் பற்றி அங்கே அவர் எழுதியிருப்பது சுவையான பகுதி: சண்டை நடத்தும் உரிமம் குத்தகைக்கு விடப்படுகிறது, அதில் மன்னருக்கு நல்ல வருமானம், பந்தயத்தில் சிலர் குடும்பத்தையே பணயம் வைக்கிறார்கள் என்கிறார். பின்னால் வந்த புத்தகங்கள் பலவும் இந்தப் பகுதியை எடுத்தாண்டன. அதனால் சண்டைக்காரன் என்ற பட்டம், ஓடைக்கரைச் சருகுக்குள் அமைதியாகக் கிடக்கும் எங்கள் மீனுக்குப் போய், மேடையில் சண்டை போடும் மீன் அதன் நிழலில் பெயரில்லாமல் நின்றது.

அறுபது ஆண்டுகள் அப்படியே ஓடின. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த சார்லஸ் டேட் ரீகன்தான் இரண்டும் வேறு வேறு இனம் என்று பிரித்தார். 1910-இல் சயாம் மீனுக்கு பேட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று புதுப்பெயர் சூட்டினார். உலகம் முழுக்கப் பிளாஸ்டிக் கோப்பையில் விற்கப்படும் மீன் இதுதான். பக்நாக்ஸ் பினாங்கிலேயே தங்கிவிட்டது.

இதெல்லாம் பெயர்ப் பட்டியல் விவகாரம், தொட்டி வைப்பவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். தொட்டி வைப்பவனுக்குத்தான் இது முக்கியம். ஸ்ப்ளெண்டென்ஸ் சேற்று நிலத்து, தேங்கிய நீரின் மீன். அலையடித்தால் நுரைக்கூடு கலைந்துவிடும், அதற்கு அசையாத நீர் வேண்டும். பக்நாக்ஸ் மலையடி ஓடையின் மீன். ஓடும் தண்ணீரில் கூடு நிற்காது என்பதால்தான் ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு சுமார் இரண்டு வாரம் பட்டினி கிடக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். பெண் மீன் முட்டைகளை வாயில் எடுத்து ஒவ்வொன்றாக ஆணின் முகத்துக்கு நேரே உமிழும், அது பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூரின் டான் ஹியோக் ஹுயியும் பீட்டர் இங்கும் 2005-இல் சிங்கப்பூர், மலேசியா, புருணை நாடுகளின் சண்டை மீன்களைப் பற்றித் தனி நூலளவுக்கு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதைப் புரட்டினால் இந்தக் குடும்பத்தில் வாயில் அடைகாப்பவை எத்தனை எத்தனை என்று தெரியும். கூடு கட்டுவதுதான் வழக்கம், மற்றது விதிவிலக்கு என்று நாம் நினைப்பது, கோப்பையில் விற்கும் மீனை மட்டுமே பார்த்துப் பழகியதால்.

தண்ணீர்மலைப் பக்கம் போய் ஓடையைப் பார்த்து வந்தேன். தாவரவியல் தோட்டத்தின் வழியாக இறங்கும் நீர் அது. 1884-இல் தோட்டம் அமைவதற்கு முன்பே கப்பல்கள் குடிநீர் பிடித்துப் போன அருவி. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூடும் நாம் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. மரநிழல், மணல், சருகு, காலில் பட்டால் சில்லென்ற ஓட்டம். வலையெடுத்துப் போகவில்லை, அந்த மீன் அங்கேயே இருக்கட்டும். பத்து சென்டிமீட்டர் வரை வளர்ந்து, வாய்க்கு அடங்கும் மீனையெல்லாம் விழுங்கும் பக்நாக்ஸ், சின்ன மீன்களோடு சேர்த்து வைக்க ஏற்றதல்ல என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது.

அப்புறம்தான் கெப்பாலா பத்தாஸில் இருக்கும் மாமாவிடம் பேச்சுக் கொடுத்தேன். சின்ன வயதில் மீன் சண்டை விட்டவர். “நாங்க பிடிச்சது ஓடையில இல்லடா, பெண்டாங்குல” என்றார். வடமலேசியாவில் வயலுக்கு அதுதான் பெயர். “ஹார்லிக்ஸ் போத்தல்ல போட்டு நடுவுல அட்டை வெச்சுருவோம். அட்டையை எடுத்தா செவுளை விரிச்சு மிரட்டும் பாரு! ஆனா கடிச்சுக் கொல்லாது. கொஞ்ச நேரத்துல ஒண்ணு ஒதுங்கிக்கும்.” உடம்பு கறுப்பு, செதில்களில் பச்சை மின்னல், வால் நுனியில் பிறைபோலச் சிவப்பு என்று அடையாளமும் சொன்னார்.

அது பேட்டா இம்பெல்லிஸ். கோலாலம்பூர்ப் பகுதி மீனை வைத்து வெர்னர் லாடிகஸ் என்ற ஜெர்மானியர் 1975-இல்தான் அதற்குப் பெயர் வைத்தார். சண்டைக் குணமில்லாதது என்று பொருள். பினாங்கின் வயல்களிலும் செபராங் பிறையிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் போத்தலில் அடைத்து விளையாடிய மீன், மாமா அதை விட்டுவிட்டுக் கல்யாணம் கட்டிய காலத்தில்தான் அறிவியல் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. கதை அங்கேயும் நிற்கவில்லை. 2022-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, சண்டை மீனை மனிதர் வளர்க்கத் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளாவது இருக்கும் என்றும், இன்றைய அலங்கார ரகங்களில் ஸ்ப்ளெண்டென்ஸோடு இம்பெல்லிஸின் மரபும் கலந்திருக்கிறது என்றும் காட்டியது. ஆக, வளர்ப்பவர்களின் கையிலும் இந்த மீன்கள் கலந்துதான் போயிருக்கின்றன. அதனால்தான் கடை மீனை வாய்க்காலில் கொண்டுபோய் விடாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. வயலில் இருக்கும் அசலும் கலந்துவிடும்.

எனக்கு வேண்டிய மீன் கிடைத்துவிட்டது. ஐந்து சென்டிமீட்டர், நுரைக்கூடு கட்டும், கூட்டத்தோடு ஒத்துப்போகும். இரண்டு ஆண், மூன்று பெண் வாங்கினேன். துணைக்கு அதே வயல்களில் வாழும் குறட்டை கௌராமி. இரவில் விளக்கணைத்தால் கரகரவென்று அது எழுப்பும் சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்கும். நடுத்தண்ணீருக்கு ஹார்லிகுயின் ராஸ்போரா: ஜார்ஜ் டுங்கர் 1904-இல் மலாய்த் தீபகற்ப மீன்கள் பற்றிய தன் நூலில் விவரித்தது. தலையில் வெள்ளிப் புள்ளியோடு மேல்மட்டத்தில் திரியும் கெப்பாலா தீமா அழகுதான், ஆனால் நுரைக்கூட்டிலிருந்து நழுவும் குஞ்சு ஒவ்வொன்றும் அதன் வாய்க்குப் போகும். வேண்டாம் என்று விட்டேன். லோங்காங்கில், அதாவது சாக்கடை வாய்க்காலில், நெளியும் கப்பியையும் சேர்க்கவில்லை. அது தென்னமெரிக்கச் சரக்கு, இரண்டு மாதத்தில் தொட்டியையே பட்டா போட்டுக்கொள்ளும்.

அறுபதுக்கு முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் தொட்டி, ஐம்பத்து நாலு லிட்டர். நாலு விரற்கடை குறைத்துத்தான் நிரப்பினேன். மேலே மூடி கட்டாயம். இந்த மீன்கள் குதிக்கும். குஞ்சுகள் வளர்ந்து மேலே வந்து காற்றை விழுங்கத் தொடங்கும் பருவத்தில் நீருக்கு மேலிருக்கும் காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கவும் வேண்டும். மெல்லக் குமிழியிடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மிதக்கும் செடிகள் மேற்பரப்பில் பாதியை மறைக்க, ஒவ்வோர் ஆணும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டது. காய்ந்த கெத்தப்பாங் இலை, அதாவது நாட்டு வாதுமை இலை, இரண்டு மூன்று போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அது மக்க மக்க உருவாகும் நுண்ணுயிர்கள்தான் குஞ்சுகளின் முதல் சாப்பாடு. முட்டை ஓரிரு நாளில் பொரியும். அடுத்த இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தும். மற்ற மீன்களும் இருக்கிற தொட்டி என்பதால் எல்லாம் பிழைக்காது. ஒரு ஈட்டுக்குச் சிலது தங்கினால் போதும் என்பவர்தான் இப்படித் தொட்டி வைக்க வேண்டும். கணக்காக வேண்டுமென்றால் தனித் தொட்டிதான் வழி.

அடியில் நட்டது கிரிப்டோகொரைன். ராஸ்போரா தலைகீழாகத் திரும்பி அந்த இலைகளின் அடிப்பக்கத்தில்தான் முட்டை ஒட்டும். நட்டதும் இலையெல்லாம் கரைந்து போகும், பிடுங்கி எறியாமல் விட்டால் வேரிலிருந்து புதிதாகக் கிளம்பும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் இலங்கையின் வென்ட்டி வகை. ஆனால் இந்தப் பேரினத்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட செடி தமிழ்நாட்டுக்காரி. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனின் மருத்துவராக இருந்த யோகான் கோனிக் அனுப்பியதை, சுவீடனின் ரெட்சியஸ் 1779-இல் வெளியிட்டார். வயலோரச் சேற்றில் வளரும் அதன் காய்ந்த கிழங்கைத்தான் நாட்டு மருந்துக் கடையில் ‘நாட்டு அதிவிடயம்’ என்று மடித்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளின் வாந்திக்கும் இருமலுக்கும் கஷாயத்தில் சேரும் சரக்கு. கோனிக், கேன்டர், பேட்டா என்ற பேரினத்தை வகுத்த டச்சு ராணுவத்தின் பிளேக்கர், மூவருமே மருத்துவர்கள் என்பதைக் கவனித்தபோது, நம் மருத்துவர்களுக்கு இப்போதெல்லாம் இதற்கு எங்கே நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா போன வாரம் வந்து தொட்டியைப் பார்த்தார். இரண்டு ஆண்களும் நடுவில் சந்தித்து, செவுளை விரித்து, திரும்பிப் போயின. “சண்டையே போடாத மீனுக்கு இவ்வளவு செலவாடா?” என்றவர், கிளம்பும்போது ஒரு ஜோடி கேட்டார். குஞ்சுகள் கொஞ்சம் தேறட்டும் மாமா என்றிருக்கிறேன்.